வணிகமும் புறச்சூழலும்: ஒரு வெங்காயத் தோட்டம் கற்பிக்கும் பாடம்



"பொருளாதாரச் சூழல் வணிகத்தைப் பாதிக்கும் விதத்தை விளக்குக" என்று வினா வந்தால், உங்களில் பலர் "பணவீக்கம் கூடினால் வணிகம் பாதிக்கப்படும்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறீர்கள். விடைத்தாள்களைத் திருத்தும்போது நான் அடிக்கடி காணும் குறை இது. எப்படிப் பாதிக்கும், அதன் பின் என்ன நடக்கும் என்பது அந்த வரியில் இல்லை. "விளக்குக" என்றால் காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்திக் காட்ட வேண்டும். அதை உங்களுக்குப் பழக்கமான ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

1. அடிப்படை விளக்கம்

வணிகத்தின் மீது செல்வாக்குச் செலுத்தும் காரணிகளின் தொகுப்பே வணிகச் சூழல் ஆகும். உரிமையாளர், ஊழியர் போன்றவை அகச்சூழல். பொருளாதார, சமூக கலாசார, அரசியல், சட்ட, தொழினுட்ப, இயற்கைச் சூழல்கள் புறச்சூழலில் அடங்கும். புறச்சூழலைத் தனியொரு வணிகத்தால் கட்டுப்படுத்த முடியாது. அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவே முடியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் செம்மண் நிலத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். விதை, பசளை, எரிபொருள், கூலி ஆகியவற்றுக்குச் செலவு செய்து, விளைச்சலைச் சுன்னாகம் சந்தையில் விற்று இலாபம் பெற முயலும் அவரும் ஒரு வணிகரே.

2. பொருளாதாரச் சூழலின் தாக்கம்

(அ) அரசின் இறக்குமதிக் கொள்கை: 1970 - 1977 காலத்தில் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டு விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. குடாநாட்டு விவசாயிகள் பயிர்ப் பரப்பைக் கூட்டினர். நீர் இறைக்கும் இயந்திரங்களையும் இரசாயனப் பசளையையும் அதிகம் பயன்படுத்தினர். 1977 இறுதியில் திறந்த பொருளாதாரக் கொள்கை அறிமுகமானபோது இறக்குமதிப் பொருட்கள் வந்து குவிந்தன, விலை வீழ்ந்தது. தோட்டம் அதே தோட்டம், உழைப்பு அதே உழைப்பு. மாறியது புறச்சூழல் மட்டுமே.

(ஆ) நாணயமாற்று வீதமும் பணவீக்கமும்: 2022 மார்ச் மாதத்துக்கு முன் சுமார் 200 ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி, சில மாதங்களுள் 350 ரூபாவைத் தாண்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8% ஆக உயர்ந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தால் நீர் இறைப்பவரின் உற்பத்திச் செலவு இதனால் கூடும். அதேவேளை நுகர்வோரின் கொள்வனவுச் சக்தி குறைவதால், ஒரு கிலோ வாங்கியவர் அரைக் கிலோ வாங்குவார். செலவு கூடி, கேள்வி குறைந்தால் இலாபம் குறையும். இதுவே முழுமையான விளக்கம்.

3. சமூக, கலாசாரச் சூழலின் தாக்கம்

பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்க்க வேண்டும், அல்லது வெளிநாடு செல்ல வேண்டும் என்பது நம் பெற்றோர் பலரின் விருப்பம். அதில் தவறில்லை. ஆனால் தோட்ட வேலைக்கு ஆள் குறைகிறது, கூலி கூடுகிறது. கையால் களை பிடுங்கிய இடத்தில் களைநாசினி தெளிக்கப்படுகிறது. மறுபுறம், நஞ்சற்ற மரக்கறி வேண்டும் என்று கேட்கும் நுகர்வோரும் உருவாகியுள்ளனர். இது சேதனப் பசளையில் பயிரிடுவோருக்குப் புதிய சந்தை வாய்ப்பாகும். எனவே சமூகச் சூழல் அச்சுறுத்தலாகவும் அமையலாம், வாய்ப்பாகவும் அமையலாம்.

4. இயற்கைச் சூழலுக்கு நேர்வது

பலர் எழுதாமல் விடும் பகுதி இது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் பாறையூடாக இறங்கி நிலத்தடி நீராகத் தங்குகிறது. இந்த நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் எடுக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த எல்லை இல்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும், கிணறு உவராகும்.

பயிர் உறிஞ்சாத நைதரசன் பசளை, நைத்திரேற்றாக மாறி நீருடன் கீழிறங்குகிறது. பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, குடிநீருக்கென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியுள்ளதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. இதற்கு விவசாயி மட்டும் பொறுப்பல்ல. நெருக்கமாகக் கட்டப்படும் வீடுகளில் கிணற்றுக்கு அருகே அமையும் மலசலகூடக் குழிகளும் காரணமாகின்றன.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். நல்ல விலை என்பது பொருளாதாரக் காரணி. ஆட்பற்றாக்குறை என்பது சமூகக் காரணி. இரண்டும் விவசாயியின் தீர்மானத்தை மாற்றின. அந்தத் தீர்மானம் கிணற்று நீரை மாற்றியது.

5. அம்பு திரும்பி வருகிறது

கிணறு உவரானால் வெங்காயம் விளையாது. அதாவது, வணிகம் இயற்கைக்குச் செய்தது வணிகத்துக்கே திரும்பி வருகிறது. குடிநீரை விலை கொடுத்து வாங்கும் குடும்பங்கள் கூடுகின்றன. நீர் சுத்திகரித்து விற்போருக்கு அது வருமானம், வாங்குவோருக்கு அது செலவு. நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தூவல் நீர்ப்பாசனக் கருவிகளுக்குக் கேள்வி உண்டாகிறது. அரசும் செலவு செய்ய நேர்கிறது: கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்று தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது.

அரசு அவசரமாகத் தலையிட்டாலும் வணிகம் பாதிக்கப்படும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடுகள் போதாமையால் நெல், தேயிலை விளைச்சல் குறைந்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. பசளையைக் குறைப்பது நல்ல நோக்கமே. ஆனால் அதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

6. விடை எழுதும்போது

நான்கு படிகளை நினைவில் வைத்திருங்கள்.
• காரணியைப் பெயரிடுக. (உ+ம்: எரிபொருள் விலை உயர்வு)
• வணிகத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கூறுக. (உற்பத்திச் செலவு கூடும்)
• இயற்கைச் சூழலில் ஏற்படும் விளைவைக் கூறுக. (நீர் இறைப்பது குறைந்து நிலத்தடி நீர் பேணப்படலாம்)
• அது வணிகத்துக்கு எவ்வாறு திரும்பி வரும் எனக் கூறுக. (கிணறு உவராகாமல் பயிர்ச்செய்கை தொடரும்)

எரிபொருள் விலை உயர்வு விவசாயிக்குத் தீமை. கிணற்றுக்கு அது நன்மையாகலாம். ஒரே காரணி இரு இடங்களில் இரு விதமாகத் தாக்கும் என்பதை எழுதுபவரே பாடத்தை விளங்கிக்கொண்டவர்.

பயிற்சி வினாக்கள்

1. சமூக கலாசாரச் சூழல் வணிகமொன்றுக்கு வாய்ப்பாக அமையும் சந்தர்ப்பம் ஒன்றை உதாரணத்துடன் விளக்குக.
2. இறக்குமதிக் கட்டுப்பாடு நீக்கப்படுவதால் உள்நாட்டு உற்பத்தியாளரும் நுகர்வோரும் எதிர்கொள்ளும் விளைவுகளை ஒப்பிடுக.
3. உங்கள் ஊரிலுள்ள வணிகம் ஒன்றைத் தெரிவுசெய்து, மேற்கூறிய நான்கு படிகளிலும் எழுதுக.

மூன்றாவது வினாவைப் புத்தகம் பார்த்து எழுத முடியாது. சந்தைக்குப் போய் ஒரு வியாபாரியிடம் கேளுங்கள். வீட்டுக் கிணற்று நீரின் சுவை முன்பு எப்படி இருந்தது என்று அம்மம்மாவிடமும் கேளுங்கள். அந்த விடை பரீட்சைக்குப் பிறகும் உங்களுக்கு உதவும்.