பேரரசுகள் சாயும்போது: காலி அரியணையின் விலை

ரோமப் பேரரசு தள்ளாடிய காலத்தில் துலூஸ் நகரிலிருந்து ஆண்டவன் விசிகோத் அரசன் யூரிக் (466–484). 475-இல் பேரரசன் ஜூலியஸ் நெப்போஸே இறங்கிவந்து உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, யூரிக்கைத் தட்டிக்கேட்க ஆளில்லை. படை அவனுடையது, வரி அவனுடையது, சட்டத் தொகுப்புகூட அவன் பெயரில்தான். ஆனாலும் அவனது நாட்டில் புழங்கிய பொற்காசில் ரோமப் பேரரசனின் முகமும் பெயருமே இருந்தன. விசிகோத் அரசர்களில் தன் பெயரைக் காசில் பொறித்த முதல் ஆள், ஒரு நூற்றாண்டு கழித்து வந்த லியோவிகில்டு. வெறும் பழக்க தோஷம் என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேரரசின் வலிமை போன பிறகும் அதன் பெயருக்குச் சந்தையில் விலை இருந்தது. அந்த விலை தெரிந்ததால்தான் யூரிக் அதில் கைவைக்கவில்லை. இதற்குச் சான்று தேடித் துலூஸ் வரை போக வேண்டியதில்லை, பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினால் போதும்.

1565-இல் தலைக்கோட்டையில் தோற்ற விஜயநகரம் அன்றோடு முடிந்துவிடவில்லை. பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தலைநகரை மாற்றிக்கொண்டே இன்னும் எண்பது ஆண்டுகள் இழுத்துப் பிடித்தது. இரண்டாம் வேங்கடபதி ராயர் (1586–1614) திறமைசாலிதான். இருந்தும் செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் மனம் வைத்தால்தான் கப்பம் வந்து சேரும் என்ற நிலை. அப்படிப்பட்டவரிடம்தான் 1610-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வணிகம் செய்ய அனுமதி வாங்கினார்கள். அவர்களை விரட்டச் சொல்லி போர்த்துகீசியர்கள் முறையிட்டதும் அதே அரசவையில்தான். அங்கே காரியம் ஆகாததால் 1612-இல் சாந்தோமிலிருந்து வந்து டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். அடுத்த ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. கடலோரத்தில் கோல் ஓச்சும் ஆள் ஒருவன் கண்ணெதிரே இருக்க, வேலூர்வரை ஏன் போக வேண்டும்? துணி வணிகம் நடந்த முறையில் இதற்கு விடை இருக்கிறது. நெசவாளருக்கு வணிகர் வழியாக முன்பணம் போகும். துணி கைக்கு வர மாதங்கள் ஆகும். கப்பலோ காற்று திரும்பினால்தான் நகரும். இதற்குள் கோட்டைத் தலைவன் மாறிவிட்டால் போட்ட பணம் போனதுதான். அவனுக்குப் பின்னாலும் செல்லுபடியாகும் ஒரு சாசனம் வேண்டியிருந்தது. அதைத் தரும் பெயர் அன்று ராயருக்கு மட்டுமே இருந்தது.

வந்த அந்நியர்களுக்கு உள்ளூர் அரசியல் புரியவில்லை, செத்த பாம்பைக் கண்டு பயந்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். பழவேற்காட்டுக்கு வடக்கே துர்க்கராஜபட்டணத்தில் 1626 முதல் கடை போட்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கரையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது தெரியாதா என்ன? தெரிந்துதான் 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் சென்னைக்கான இடத்தை வாங்கினார்கள். வந்தவாசியில் இருந்த அவரும், பூந்தமல்லியில் இருந்த அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கரும்தான் அன்று அந்தப் பகுதியின் உண்மையான அதிகாரம். கோட்டை எழுந்தது, ஊரும் கூடியது. அப்படியும் 1645-இல் கம்பெனியார் மூன்றாம் ஸ்ரீரங்க ராயரிடம் போய் அதே இடத்துக்கு மறுபடி ஒரு சாசனம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் கோல்கொண்டாவின் மீர் ஜும்லா அந்தக் கரையைச் சுருட்டிக்கொள்ளப் போகிறார். அந்த நிலையிலும் ராயரின் சாசனம் ஊரை ஸ்ரீரங்கராயபட்டணம் என்று அழைத்தது. கம்பெனி எதற்கும் வீணாகச் செலவழிக்கும் கூட்டம் அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு தஞ்சையிலிருந்து வருகிறது. 1620-இல் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியை டேனியர்களுக்குக் கொடுத்தபோது ராயரைக் கேட்கவில்லை. பொன் ஓலையில் எழுதி டென்மார்க் மன்னருக்குத் தாமே அனுப்பினார். ராயர் பெயர் அவ்வளவு விலைபோனது என்றால் இவருக்கு மட்டும் ஏன் வேண்டியிருக்கவில்லை? காவிரிப் படுகையின் நெல் கையில் இருப்பவனின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. தாமர்ல குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. ஆனால் சில ஆண்டுகள் பின்னோக்கிப் போனால் கதை வேறு. வேங்கடபதி இறந்ததும் அவர் வாரிசாக அறிவித்த இரண்டாம் ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு கொன்றான் அரசவைப் பிரபு ஜக்கராயன். தப்பிய சிறுவன் ராமதேவனுக்காகத் தளபதி யாசம நாயக்கன் போர்க்கொடி தூக்கினான். 1616-17-இல் திருச்சிக்கு அருகே தோப்பூரில் நடந்த பெரும்போரில் மதுரையும் செஞ்சியும் ஜக்கராயன் பக்கம். ராமதேவனுக்காகப் படை திரட்டி வந்து வென்றவர் இதே ரகுநாதர். தன் காரியத்துக்கு ராயரைக் கேட்காதவர், ராயர் யார் என்பதை மட்டும் பிறர் முடிவுசெய்ய விடவில்லை. ஜக்கராயன் ஆள் அரியணையில் உட்கார்ந்தால் நாளைக்குத் துரோகி என்ற பட்டம் தஞ்சை மேல் விழும், படையெடுக்க மதுரைக்கு நியாயம் கிடைக்கும். பெயரைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். எதிரி கையில் விட்டுவிட முடியாது.

காசும் இதைத்தான் சொல்கிறது. பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர்கள் தங்கள் அக்கசாலையில் அடித்ததும் ராயர்களின் பொற்காசான வராகன்தான். ஆங்கிலக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியிட்ட நட்சத்திர வராகனைப் புரட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளின் நடுவே ஒரு நட்சத்திரம். லண்டன் வணிகர்கள் பெருமாள் பக்தர்களாகிவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ராயர் காலத்து அச்சு இல்லாத பொன்னைச் சந்தையில் உரசி, நிறுத்துத்தான் வாங்குவார்கள், அவ்வளவுதான். யூரிக்கின் குடிகளும் இதே கணக்கைப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாட்டை இழந்த மூன்றாம் ஸ்ரீரங்கனுக்குப் பின்னாளில் பேலூரில் இடம் கொடுத்தவர் இக்கேரி சிவப்ப நாயக்கர். படையோ கஜானாவோ இல்லாத அந்த அகதியை அவர் சும்மா வைத்துச் சோறு போடவில்லை. ராயரின் உரிமையை மீட்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மைசூரின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடக் கிளம்பினார்.