உங்களுக்குத் தெரியுமா? மண்டையைத் திறக்காமலே வலிக்கு வைத்தியம்!

உடம்பில் எங்கே வலித்தாலும் நமக்குச் சொல்வது மூளைதான். அந்த மூளைக்கு வலியே தெரியாது! வலியை உணரும் நரம்பு முனை அதில் ஒன்றுகூடக் கிடையாது!

மின்சாரத்தால் வலி போக்குவது நேற்று வந்த வித்தை என்றா நினைத்தீர்கள்? ரோமாபுரியைக் கிளாடியஸ் ஆண்ட காலத்திலேயே உண்டு! ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் தீராத தலைவலிக்கு எழுதி வைத்த மருந்து என்ன தெரியுமா? உயிருள்ள மின்சாரத் திருக்கை மீன்! வலிக்கிற இடத்தில் வைத்து, மரத்துப்போகும்வரை எடுக்கக்கூடாது. காலில் கவுட் வலியா? ஈரமான கடற்கரையில் அதே மீன்மேல் காலை வைத்து நிற்க வேண்டும், முழங்கால்வரை மரத்துப்போகும்வரை! ஏறக்குறைய 2,000 வருடத்துக்கு முந்தைய சிகிச்சை இது!

1985. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். ஆண்டனி பார்க்கர் குழுவினர் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் பிடித்து, சுருளில் மின்சாரம் பாய்ச்சினார்கள். அதில் பிறந்த காந்தப்புலம் மூளையைத் தூண்டியது. துள்ளியது கை! ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் காந்தம்!

அந்தக் காந்தப்புலத்தின் வலிமை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குச் சமம்! ஒரு துடிப்பு நீடிப்பதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

இதுதான் எல்லாவற்றையும்விட அதிசயம். வலியைக் குறைக்க மூளையில் எங்கே தூண்டுகிறார்கள்? உணர்ச்சிப் பகுதியில் இல்லை, கை காலை அசைக்கும் பகுதியில்! 1991-ல் ஜப்பானிய மருத்துவர் சுபோகாவா, பக்கவாதத்துக்குப் பின் வரும் கொடுமையான வலிக்கு மண்டைக்குள் மின்முனை பதித்து இதைக் காட்டினார். இன்று அதே இடத்தை வெளியிலிருந்தே காந்தத்தால் தட்டுகிறார்கள். நொடிக்கு 10 தட்டு!

தட்டினால் மூளை தன் சொந்த அபினையே அவிழ்த்துவிடுகிறது! அபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தை முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். வலி நிவாரணம் வெகுவாகக் குறைந்துபோனது!

காந்தமே இல்லாத முறையும் உண்டு: தலைமேல் மின்முனை வைத்து நேராக மின்சாரம் பாய்ச்சுவது. பாயும் மின்சாரம் 2 மில்லி ஆம்பியர்தான். சின்ன எல்.இ.டி. விளக்குக்கே 20 வேண்டும்!

2013-ல் அமெரிக்க அரசு, ஒற்றைத் தலைவலிக்கு ஒரு காந்தக் கருவியை அனுமதித்தது. தலையின் பின்புறம் வைத்து அழுத்த வேண்டியதுதான். சோதனையில் இரண்டு மணி நேரத்தில் வலி முற்றிலும் நீங்கியவர்கள் சுமார் 38 சதவீதம்! போலிக் கருவியில் 17!

எல்லோருக்கும், எல்லா வலிக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் 9 வோல்ட் பேட்டரியும் ஒயரும் வாங்கி வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்! வலிப்பு வந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலைக்குள் உலோக கிளிப் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!