மஞ்சள் பூவெல்லாம் ஒன்றல்ல

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின், மகனோடு அந்தமானுக்கு வந்து பத்துபஸ்தியில் குடியிருக்கிறேன். ரயிலே இல்லாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை? காலையில் பூஜைக்குப் பூப்பறிப்பதுதான்!

சென்ற மாதம் ஒருநாள், பக்கத்து வீட்டுச் சிறுமி மஞ்சள் பூச்செடியின் அடியில் பச்சைக் காய்களை வைத்துச் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். "அது அலமாண்டாதான் சார், ஒன்றும் செய்யாது" என்றார் அவளுடைய பாட்டி. எனக்குச் சந்தேகம். காய்களை வாங்கி வைத்துவிட்டு, குழந்தையைக் கை கழுவச் சொல்லிச் செடியைச் சோதித்தேன்.

பூவின் நிறத்தை நம்பக்கூடாது. முதலில் இலையைப் பார்க்க வேண்டும். அலமாண்டாவில் ஒரு கணுவுக்கு மூன்று, நான்கு இலைகள் வட்டமாக நிற்கும். செவ்வரளியிலும் பெரும்பாலும் மும்மூன்றுதான். மஞ்சளரளியிலோ ஒவ்வொரு கணுவிலும் ஒரே இலை. விரலை விட ஒடுங்கி நீண்டிருக்கும்.

அடுத்தது பூ. அலமாண்டா ஐந்து வட்ட இதழ்களாக அகல விரியும். மஞ்சளரளி முழுக்க விரியாமல் புனல்போலக் குவிந்திருக்கும்.

கடைசியில் காய். அலமாண்டாக் காயில் முள் இருக்கும். செவ்வரளிக்கு நீண்ட காய், பஞ்சு ஒட்டிய விதை. மஞ்சளரளிக் காய் பச்சையாக, பக்கங்கள் புடைத்து, பழுத்தால் கறுக்கும்.

கிள்ளினால் பால் வருவதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மூன்றும் ஒரே குடும்பம், மூன்றிலும் பால் உண்டு.

எங்கள் செடியில் கணுவுக்கு ஒரே இலை, குவிந்த பூ, முள்ளில்லாத காய். சந்தேகமில்லை, மஞ்சளரளி! அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. விதை மிகக் கொடியது, இதயத் துடிப்பையே குலைக்கும். செவ்வரளியும் அப்படியே. அலமாண்டாவும் தின்னத் தக்கதல்ல, வயிற்றைக் கலக்கும். குழந்தை வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாட்டிக்கு மனம் வரவில்லை. பல வருடம் சிவனுக்குச் சாத்திய பூ. பிறகு அவரே, "பேத்தியை விடப் பூவா பெரிது?" என்றார். வேரோடு எடுத்தோம். அதன் புகையும் ஆகாதென்பதால் எரிக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது செம்பருத்தி நிற்கிறது.

நாம் பல மொழிக்காரர்களோடு வாழ்கிறோம். நாம் மஞ்சளரளி என்பதை இந்திக்காரர் பீலா கனேர் என்பார், வங்காளி கொல்கே என்பார். பெயர் மாறும், கணுவில் இலை நிற்கும் முறை மாறாது. இன்று மாலையே உங்கள் வாசல் செடியின் இலைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்!