அலையில் பிறந்த சொல்

செழிப்பைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பலவற்றுள், 'அபண்டன்ஸ்' என்பதைப் போலப் பிறப்பால் அழகியதும் வழக்கால் இளைத்துப்போனதுமான சொல் வேறொன்று இல்லையென்றே எனக்குத் தோன்றுகிறது. லத்தீன் மொழியில் 'உண்டா' என்றால் அலை. அதனின்று பிறந்த 'உண்டாரே' என்னும் வினை அலை பொங்கியெழுவதைச் சொல்லும். அதன் முன்னே, ஓரிடத்தினின்று நீங்குதலைக் காட்டும் 'அப்' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'அபுண்டாரே' என்றானபோது, நிறைந்த பாத்திரத்தில் மேலும் நீர் வந்துகொண்டேயிருக்க, அது விளிம்பைத் தாண்டி வழிந்தோடும் காட்சியையே அச்சொல் கண்முன் நிறுத்திற்று. காவிரி பொங்கிவரும் நாளைப் பதினெட்டாம் பெருக்கு என்றும், கணக்கில் எண் வளர்வதைப் பெருக்கல் என்றும் ஒரே வேரால் வழங்கும் நமக்கு இந்த உறவு அந்நியமன்று.

அதே அலையின் சந்ததியே வெள்ளத்தில் ஆழ்த்துதலைக் குறிக்கும் 'இனண்டேட்'; மிகையானதைக் குறிக்கும் 'ரிடண்டன்ட்' என்பதும் அவ்வாறே. சூழ்ந்து நிற்றலைச் சொல்லும் 'சரவுண்ட்' கூட, ஆதியில் மேலே வழிந்து மூழ்கடித்தல் என்ற அர்த்தத்தோடு வந்து, வட்டத்தைக் குறிக்கும் 'ரவுண்ட்' என்ற சொல்லின் ஓசை மயக்கத்தால் பிற்காலத்தில் பொருள் மாறியதேயாகும்.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு. பழைய பிரெஞ்சின் வாயிலாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் இச்சொல் புகுந்தபோது, பலர் அதை 'ஹபண்டன்ஸ்' என்று, முன்னே ஒரு ஹகரம் சேர்த்து எழுதினர். உடைமையாகக் கொள்ளுதல் என்று பொருள்படும் 'ஹபேரே' என்ற வினையே இதன் தாய் என்று இடைக்காலத்து எழுத்தர்கள் பிழைபட எண்ணியதன் விளைவு அது. எழுத்திலிருந்து ஹகரம் பின்னர் நீங்கிவிட்டது. மனிதர் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. வழிந்து பிறரைச் சென்றடையும் நீரை மறந்து, பூட்டி வைத்த பெட்டகத்தையே இன்று இச்சொல்லால் நினைக்கிறோம். சொல்லுக்குப் பொருள் தருவது வழக்கேயன்றி வேரன்று என்பர் மொழிநூலார், இருக்கலாம்.

ரோமானியர் செழிப்பை 'அபுண்டான்ஷியா' என்ற தெய்வமாக்கி நாணயங்களில் பொறித்தபோது அவள் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. கி.பி. 253 முதல் 268 வரை ஆண்ட கல்லியேனஸ் வெளியிட்ட நாணயத்தில், நீண்ட ஆடையணிந்து நிற்கும் அவள், வளப்பத்தின் சின்னமான கொம்பை இரு கைகளாலும் சாய்த்து உள்ளிருப்பதைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மன்னனது ஆட்சியின் இறுதியில் அத்தகைய நாணயங்களில் நூற்றுக்கு 5 பங்கு வெள்ளிகூட இல்லை. கஜானா வறண்ட அக்காலத்திலும் செழிப்பைக் கொட்டுபவளாகவே தீட்டத் தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகளுக்கு இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: 'நிறைய வைத்திருத்தல்' என்று பொருள் எழுதிப் போடுமுன், கரும்பலகையில் ஓர் அலையை வரைந்து காட்டுங்கள்.