கரிம லித்தியம் சேர்மங்களின் கட்டமைப்பு: படிகச் சான்றும் கரைசல் சான்றும்

முன்னுரை

கார்பன் அணு லித்தியத்துடன் நேரடியாகப் பிணைந்தவை கரிம லித்தியம் சேர்மங்கள் எனப்படும். ஷ்லெங்கும் ஹோல்ட்சும் 1917-இல் இவற்றை முதன்முதலில் உருவாக்கினர். பியூட்டைல் லித்தியம் என்னும் பெயர் ஒரு பியூட்டைல் தொகுதிக்கு ஒரு லித்தியம் என்ற விகிதத்தை மட்டுமே உணர்த்துகிறது. உண்மையில் இவ்வலகுகள் பல கூடித் திரள்களாக அமைகின்றன. அத்திரளை அறியும் முறைகளையும், அவற்றைத் தமிழில் உரைக்கும்போது பேணவேண்டிய சொல்வரையறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

படிகச் சான்று

படிகத்தில் எக்ஸ்-கதிர்கள் உண்டாக்கும் விளிம்பு விளைவிலிருந்து அணுக்களின் இடங்கள் கணிக்கப்படுகின்றன. மெத்தில் லித்தியம் நாற்படி என்பதை வைஸ், லூக்கன் ஆகியோர் 1964-இல் காட்டினர். நான்கு லித்தியம் அணுக்கள் நான்முகியின் முனைகளில் அமைய, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு மெத்தில் தொகுதி அமர்கிறது. ஆகவே ஒவ்வொரு கார்பனும் மூன்று லித்தியம் அணுக்களை அடுத்துள்ளது. நேர்ச்சங்கிலிப் பியூட்டைல் லித்தியம் அறுபடி என்றும், மூவிணைய பியூட்டைல் லித்தியம் நாற்படி என்றும் கோட்கே, ஸ்டால்கே ஆகியோர் 1993-இல் நிறுவினர்.

கரைசல் சான்று

கரைசலில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை துணைசெய்கிறது. இயற்கை லித்தியத்தில் ஏறத்தாழ 92 விழுக்காடு லித்தியம்-7 ஆகும். எனினும் கூர்மையான கோடுகளைப் பெற லித்தியம்-6 செறிவூட்டிய மாதிரியே விரும்பப்படுகிறது. அதன் தற்சுழற்சி எண் 1 ஆதலால், கார்பன்-13 சைகை ஒரு லித்தியத்தை அடுத்திருப்பின் 3 கோடுகளாகவும், சமமான இரண்டை அடுத்திருப்பின் 5 கோடுகளாகவும், மூன்றை அடுத்திருப்பின் 7 கோடுகளாகவும் பிளவுறும். அலகுகளின் இடமாற்றம் இப்பிளவை மறைத்துவிடுமாதலால் கரைசலைக் குளிர்வித்தே அளவிடுவர்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. கோடுகளின் எண்ணிக்கை அண்டை லித்தியங்களை எண்ணுகிறதேயன்றித் திரளின் அளவை எண்ணுவதில்லை. இருபடியும் வளைய முப்படியும் ஒருங்கே 5 கோடுகள் தரக்கூடும். உறைநிலைத் தாழ்வு அளவீடு சராசரி மூலக்கூறு நிறையைத் தருவதால் இவ்வையத்தைத் தீர்க்க உதவும். பலவகைத் திரள்கள் கலந்திருப்பின் அச்சராசரி மட்டும் போதாது, நிறமாலையும் வேண்டும்.

இருசான்றுகளின் உறவு

நேர்ச்சங்கிலிப் பியூட்டைல் லித்தியம் ஹெக்சேனிலும் அறுபடியே. டெட்ராஹைட்ரோஃபியூரானிலோ நாற்படியும் இருபடியும் சமநிலையில் உள்ளன. மூவிணைய பியூட்டைல் லித்தியம் டைஎத்தில் ஈதரில் இருபடியாகவும், குளிர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஒற்றைப்படியாகவும் காணப்படுகிறது. கரைப்பானின் ஆக்சிஜன் லித்தியத்துடன் ஈதல் பிணைப்புக் கொண்டு திரளைச் சிதைப்பதே காரணம். எனவே படிகச் சான்றைக் கரைசலுக்கு அப்படியே ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

முடிவுரை

‘மூவிணைய பியூட்டைல் லித்தியம் நாற்படி’ என்னும் தொடர் தமிழில் குறையற்றதாயினும் அறிவியலில் குறையுடையது. எந்நிலையில், எக்கரைப்பானில், எவ்வெப்பநிலையில் என்பன உடன்வர வேண்டும். மேலும், பலபடி என்னும் சொல் வலுவான பிணைப்பால் தொடர்ந்த அலகுகளைக் குறித்து வழங்குகிறது. பிரிந்து கூடும் இவ்வலகுகளுக்குத் திரள் என்பதைப் பொதுச்சொல்லாகவும், இருபடி, நாற்படி, அறுபடி என்பனவற்றை அதன் வகைச்சொற்களாகவும் ஆளுதல் மயக்கம் தவிர்க்கும்.