மெட்டுக்கு உரிமை, குரலுக்கு?

மணமுறிவு கேட்ட மனைவியும் அதற்கு இசைந்த கணவனும் ஒரே கூரையின் கீழ் விலகி வாழ்கிறார்கள். 1986-இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'மௌன ராகம்' படத்தில் அந்த விலகலின் பாடல் 'மன்றம் வந்த தென்றலுக்கு'. வாலி எழுதினார், இளையராஜா இசையமைத்தார், எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார். 2007-இல் பால்கியின் 'சீனி கம்' என்ற இந்திப் படத்தின் தலைப்புப் பாடலுக்கு அதே மெட்டை இளையராஜாவே மீண்டும் எடுத்தாண்டார். பாடியவர் ஸ்ரேயா கோஷல். 64 வயது சமையற்கலைஞருக்கும் 34 வயதுப் பெண்ணுக்கும் இடையே அரும்பும் காதலின் குறும்பு அதில் துள்ளுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பழைய பாடலின் துயரத்தில் பாதியேனும் பாலசுப்ரமணியத்தின் குரலில் இருந்தது என்பது விளங்கும்.

அந்தப் பாதிக்குச் சந்தையில் என்ன மதிப்பு? ஒரு பாடலில் இருவகைச் சொத்துகள் உள்ளன. வரிகளும் மெட்டும் ஒன்று. அவற்றைப் பதிவு செய்த ஒலி மற்றொன்று. வேறொருவர் அப்பாடலைப் புதிதாகப் பாடும்போது முதல் சொத்துக்கே விலை தரப்படுகிறது. முதலில் பாடியவருக்கு அதில் பங்கில்லை.

டாலி பார்ட்டன் தாமே எழுதிப் பாடி 1974-இல் வெளியிட்ட பிரிவுப் பாடல் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பியபோது, பதிப்புரிமையில் பாதியை அவரது தரப்பு கேட்டது, பார்ட்டன் மறுத்தார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகப்புகழ் பெற்றபோது பெருஞ்செல்வம் பார்ட்டனைச் சேர்ந்தது. எழுதியவர் அவர் என்பதே காரணம். வெறுமனே பாடியவராக இருந்திருந்தால் ஒரு காசும் வந்திராது.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையைச் சற்று மாற்றியது. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைக் கவிஞரும் இசையமைப்பாளரும் இனி எழுதிக்கொடுத்துவிட முடியாது. பாடகரின் பதிவு வணிக நோக்கில் பயன்பட்டால் அவருக்கும் ராயல்டி உண்டு. பிறர் மறுபதிவு செய்வதற்கு 31-சி பிரிவு வழிவகுக்கிறது: முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான ராயல்டி செலுத்த வேண்டும். அத்தொகை படைப்பின் உரிமையாளர்களுக்கே உரியது.

2017-இல் இந்தக் கணக்கு நட்பையே உரசியது. அமெரிக்கப் பயணத்தில் இருந்த பாலசுப்ரமணியத்துக்கு, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடலாகாது என இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் சென்றது. இனி அப்பாடல்களை மேடையில் பாடப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். பலர் இதை நன்றிகெட்ட செயல் என்றனர். என் கருத்தில், கட்டணம் வாங்கும் மேடையில் மெட்டமைத்தவர் பங்கு கேட்பது நியாயமே. ஆனால் உரிமம் பெறும் பொறுப்பு நிகழ்ச்சியை நடத்தி லாபம் பார்ப்பவருடையது. பாடுபவரின் தலையில் அதைச் சுமத்தக் கூடாது. பிறர் பாடும் மறுபதிவுகளிலும், அப்பாடலுக்கு முதலில் உயிர்தந்த குரலுக்குச் சிறு விழுக்காடாவது ஒதுக்கலாம்.

கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் ஒரு கல்யாண வீட்டு ஒலிபெருக்கி இப்பாடலை நாள் முழுதும் ஒலிக்கச் செய்தாலும் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை. திருமண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. மணமுறிவுப் பாடலை அங்கே ஏன் போட வேண்டும் என்பது வேறு கேள்வி.