ஆறரைக்கு முடிய வேண்டிய பயிற்சி ஏழேகாலுக்கு முடிவது ஏன்?

கிரிக்கெட் பயிற்சி நடக்கும் மைதானத்தின் வாசலில் மாலை ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, போனை நோண்டியபடி அப்பா அம்மாக்கள் காத்திருப்பார்கள். முடிய வேண்டிய நேரம் ஆறரை. "லாஸ்ட் ஓவர்" என்று கோச் குரல் கொடுத்து மூன்று ஓவர் ஆகியிருக்கும். "சார் நேரம் காலமே பார்க்க மாட்டார், அவ்வளவு டெடிகேஷன்" என்று ஒருவர் பெருமையாகச் சொல்வார். பெரும்பாலும் அது டெடிகேஷன் இல்லை. கணக்குத் தப்பியதுதான்.

ஐந்து மணிக்குத் தொடங்கும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். இருபது பையன்கள், இரண்டு நெட். பள்ளி விட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, மேட் விரித்து, வலை கட்டி, இரண்டு ரவுண்டு ஓடி முடிக்கும்போது மணி ஐந்து இருபத்தைந்து. ஒரு நெட்டுக்குப் பத்துப் பேர். தலைக்கு எட்டு நிமிட பேட்டிங் என்றாலே 80 நிமிடம். மணி ஆறே முக்கால். ஒருவன் பேடைக் கழற்ற, அடுத்தவன் கட்ட என்று போகும் நேரம் தனி. பிறகு மேட்டைச் சுருட்ட வேண்டும், கோச் நாலு வார்த்தை பேச வேண்டும். ஏழேகால் ஆகாமல் என்ன செய்யும்? பேட்டிங் கிடைக்காத பையனை அனுப்பிவிடவும் முடியாது, மறுநாள் அவன் அப்பா வந்து நிற்பார்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பேட்மிண்டன் கோர்ட்டில் இந்தத் தொல்லை அபூர்வம். அடுத்த பேட்ச் பணம் கட்டிவிட்டு ராக்கெட்டோடு வாசலில் நிற்கும். மைதானத்தில் அப்படித் துரத்த ஆளில்லை, இருட்டு ஒன்றைத் தவிர. டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், விளக்கு இல்லாத மைதானங்களில் அப்போது மட்டும் ஒழுங்காக முடிகிறது! மே மாதம் வந்தால் பழைய கதைதான்.

கூடுதலாகக் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம் லாபம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதில் பாதிக்கு மேல் தொடக்கத்தில் வீணானது. தெம்பாக இருந்தபோது நின்றுகொண்டிருந்த பிள்ளை, களைத்த பிறகு ஆடுகிறான். களைத்த கால் சரியாக ஊன்றாது, மங்கிய வெளிச்சத்தில் பந்தும் சரியாகத் தெரியாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது கடைசியில் செய்ய வேண்டிய ஸ்ட்ரெச்சிங்.

வேகப்பந்து வீசும் பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வளரும் வயதில் முதுகெலும்பு முழுதாக உறுதிப்பட்டிருக்காது. அளவுக்கு மீறி வீசினால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் வரலாம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு மேட்சில் தொடர்ந்து 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர் என்று வரம்பு வைத்தது இதற்காகத்தான். நம் நெட்ஸில் யார் எத்தனை பந்து போட்டான் என்று யாராவது எண்ணுகிறார்களா?

வாரக் கணக்கும் உண்டு. விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பயிற்சியாளர்களின் அமெரிக்கச் சங்கம் 2019-ல் ஓர் எளிய அளவுகோல் சொன்னது: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் விளையாட்டுப் பயிற்சி வேண்டாம். 12 வயதுப் பையன் வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் போனால் பத்து மணி, வரம்புக்குள்தான். தினமும் அரை மணி இழுத்தால் பன்னிரண்டரை. அட்டவணையில் சரியாக இருந்தது, மைதானத்தில் வரம்பைத் தாண்டிவிட்டது. மணிக்கணக்கில் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குவதற்குப் பெயர்போன ஜப்பானிலேயே, 2018-ல் அரசின் விளையாட்டு முகமை பள்ளி விளையாட்டுக் குழுக்களுக்கு நெறிமுறை வகுத்தது: பள்ளி நாளில் சுமார் 2 மணி நேரம், விடுமுறை நாளில் சுமார் 3 மணி நேரம், வாரத்தில் குறைந்தது 2 நாள் ஓய்வு.

வீட்டில் என்ன ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆறு முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காலை ஆறுக்கு எழுகிற பிள்ளை இரவு ஒன்பதுக்குத் தூங்கியிருக்க வேண்டும். ஏழேகாலுக்கு மைதானத்தை விட்டுக் கிளம்பி, குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் எழுதி, ஒன்பதுக்குப் படுப்பது நடக்கிற காரியமா?

கோச்சிடம் பேசுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம், மற்ற பெற்றோரைக் கூட்டிக்கொண்டும் வேண்டாம். "ஏன் சார் லேட்" என்பதைவிட "கடைசி ஆள் எத்தனை மணிக்குப் பேட் கட்டுவான் சார்?" என்ற கேள்வி பலன் தரும். அதற்குப் பதில் சொல்ல, அவர் முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டாக வேண்டும். பத்துப் பேருக்கு நெட், மீதிப் பத்துப் பேருக்கு ஃபீல்டிங், மறுநாள் மாற்றி என்று பிரித்தாலே நெட்டுக்கான நேரம் பாதியாகக் குறையும். டோர்னமென்ட் நெருங்கும்போது ஒரு வாரம் நேரம் கூடினால் தவறில்லை, முன்கூட்டியே வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிவிட்டால் போதும். நம் பங்கும் இருக்கிறது: ஐந்தேகாலுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஆறரைக்கு முடிக்கவில்லை என்று கேட்க முடியாது.

பேசியும் மாறவில்லை என்றால், முடிய வேண்டிய நேரத்தில் உள்ளே போய் "சார், கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அழைத்து வந்துவிடுங்கள். அதற்காக மறுநாள் பிள்ளையை ஓரங்கட்டினால், அகாடமியை மாற்றிவிடுங்கள்.